மண் தொடாத உடையார்

மண்ணைக் கூடையில் அள்ளித் தலையிற் சுமந்து, அதற்குக் கூலியாகப் பிட்டு உண்டு, உண்ட களைப்பிலே உறங்கி, உறங்கியதற்காக அரசன் கைப்பிரம்பால் முதுகில் அடியும் வாங்கிய பெருமானே, உன் திருவடி பட்ட மண்ணை வணங்குகிறோம். அந்த மண்ணில் விளைந்ததையே உண்கிறோம், அந்த மண்ணில் நின்றே பொய்யும் பேசுகிறோம். சொல்லப்போகும் இந்தக் கதையிலே சொல் தவறினால் பொறுத்தருள், உண்மை தவறினால் நாவை நிறுத்தியருள். ஆனைமுகத்து ஐயனே, முன்னே நடந்து வழிகாட்டு.

வன்னியிலே, இங்கிலீசுக்காரருடைய அரசாட்சி வேரூன்றி நின்ற காலத்திலே, பன்னிரண்டு குளமும் பன்னிரண்டு ஊரும் அடங்கிய நாவலடிப்பற்று என்றொரு பகுதி இருந்தது. அதற்குத் தலைவராய் இருந்தவர் திசைவீரசிங்க உடையார். பறங்கி வந்தபோதும் அவர் குடும்பத்தாரே உடையார், ஒல்லாந்தன் வந்தபோதும் அவர் குடும்பத்தாரே உடையார், இங்கிலீசுக்காரன் வந்தபோதும் அவர் குடும்பத்தாரே உடையார். ஏழு தலைமுறையாக அந்த வீட்டிலே மாறியவை சட்டைப் பொத்தான்கள் மாத்திரமே. அரசாங்கக் காரியம் நடக்கிற கச்சேரியிலே சாய்மானமுள்ள நாற்காலி அவருக்கு உண்டு. மற்றத் தலைமைக்காரருக்கு முக்காலிதான். கலியாணத்துக்கும் கோயிற்கொடியேற்றத்துக்கும் அவர் போகும்போது, பாதம் புழுதியிற் படாதபடி, ஊருக்குச் சீலை வெளுக்கிற கட்டாடி நன்னியன் வெளுத்த சீலையை முன்னே விரித்துக்கொண்டு போவான். அவர் கடந்து போன சீலையைப் பின்னேயிருந்து அவன் மனைவி சுருட்டிக்கொண்டு வருவாள்.

இத்தனை மரியாதைக்கும் ஈடாக அந்தக் குடும்பத்துக்கு ஒரு கடமை இருந்தது. அதற்கு எல்லை மிதித்தல் என்று பெயர். ஒரு நிலம் ஆருடையது என்று வழக்கு எழுந்தால், உடையார் நீராடித் திருநீறு பூசி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த நிலத்தின் எல்லைக்கல் ஒவ்வொன்றையும் தொட்டு வெறுங்காலோடு ஒருதரம் சுற்றி நடக்கவேண்டும். கடைசிக் கல்லில் நின்று, உடையவன் பெயரை உரத்துச் சொல்லவேண்டும். நடக்கிறவனுடைய உள்ளங்கால் வழியாக மண் அவன் மனத்தை அறிந்துகொள்ளும் என்பதும், அறிந்த மண்ணின்மேல் நின்று பொய் சொல்லுகிறவனுடைய வம்சம் தழைக்காது என்பதும் அந்தப் பற்றிலே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஓலையும் உறுதிப் பத்திரமும் இல்லாத அந்தக் காட்டூர்களிலே அந்த நடைதான் உறுதி. வெள்ளைக்காரரும் அதை மாற்றவில்லை. தாங்கள் நிரப்புகிற பாரம் என்னும் படிவத்திலே "எல்லை மிதிக்கப்பட்டது" என்று ஒரு வரியைச் சேர்த்து அச்சடித்துக்கொண்டார்கள்.

ஒருநாள், அந்தப் பகுதியை அரசாங்கத்துக்காக ஆண்ட ஏசண்டுத்துரை உடையாரைக் கச்சேரிக்கு அழைப்பித்தார். துரை தமிழ் படித்துப் பரீட்சையிலே தேறியவர். ஆனால் புத்தகத்திலே படித்த தமிழ் ஆகையால், அவர் பேசினால் பாதி விளங்கும், பாதிக்குத் தலையசைக்கவேண்டியிருக்கும்.

"உடையார், ஆத்திப்பிட்டி என்னும் நிலத்துக்கு உரியவர் எவரேனும் உளரோ?"

"முப்பது குடி அங்கை இருக்குதுகள், துரையவர்களே. குரக்கன் விதைக்கிற சனம்."

"யாம் வினவியது குடியிருப்போரை அன்று. எழுத்து உடையாரை."

"எழுத்தெண்டால் ஒருத்தரிட்டையும் இல்லை."

"எனின் அது ஒருவர்க்கும் உரியதன்று. நீர் சென்று எல்லையை மிதித்து அவ்வாறே கூறும். கூறுவீராயின் மகாராணியாரின் பிறந்த தினத்திலே உமக்கு முதலியார் என்னும் பட்டமும் வெள்ளிப்பிடி வாளும் அருளப்படும்." துரை சுருட்டைப் பற்றவைத்து, புகையை ஊதி, மெல்லச் சொன்னார்: "உமக்கு இயலாதெனில், விதானையார் அருளம்பலத்துக்கு இயலும் என்று கேள்வியுறுகிறோம். அவர் உடையார் உத்தியோகத்தையும் நன்கு பார்ப்பார் போலும்."

ஆத்திப்பிட்டியைத் தென்னந்தோட்டத்துக்காக ஒரு வெள்ளைக்காரர் கேட்டிருந்தார். அதை உடையார் அறிவார். உடையாரின் பாட்டனார் அதே எல்லையை ஒருகாலத்தில் மிதித்து, "காடு வெட்டிக் கொத்தின இந்தச் சனத்தினுடையது" என்று சொன்னதையும் அவர் அறிவார். தமக்குக் கீழ்ப்பட்ட விதானையார் அருளம்பலத்தின் குடும்பம் மூன்று தலைமுறையாக அந்தச் சாய்மான நாற்காலியைப் பார்த்துப் பார்த்துக் கண்பூத்தது என்பதையும் அறிவார். கச்சேரியிலிருந்து திரும்பி வரும் வழியெல்லாம் வண்டிலின் சில்லைப் போலவே அவர் மனமும் அரைந்துகொண்டு வந்தது: சொன்னால் பொய், சொல்லாவிட்டால் ஏழு தலைமுறை.

மறுநாட்காலை திருநீறு பூசும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. திருநீறு பூசும்போது வந்தபடியால் அது நல்ல யோசனை என்று நம்பினார். பொய்யை மண் அறிவது உள்ளங்காலால் அல்லவா? உள்ளங்கால் மண்ணிற் படாவிட்டால்?

"நன்னியன், நாளைக்கு ஆத்திப்பிட்டியிலை சீலை விரிக்கோணும். எல்லை முழுக்க."

கட்டாடி நன்னியன் முற்றத்திலே நின்றபடி தலையைச் சொறிந்தான். "நயினார், கலியாணத்துக்கு விரிக்கிறனான், கொடியேற்றத்துக்கு விரிக்கிறனான். எல்லை மிதிக்கிறதுக்கு விரிச்சது என்ரை பாட்டன் காலத்திலையும் கேள்வியில்லையாக்கும்."

"இப்ப கேள்விப்படு. விரி எண்டால் விரி."

"விரிக்கிறன், நயினார். சீலை என்னுடையது, கால் உங்களுடையது. இடையிலை எனக்கென்ன?"

அப்படியே நடந்தது. ஆறு சீலைகளை மாற்றி மாற்றி, முன்னே விரித்தும் பின்னே சுருட்டியும் நன்னியனும் மனைவியும் வியர்வை ஒழுக ஓட, பித்தளைப் பொத்தான் வைத்த கறுப்புச் சட்டையோடு உடையார் வெண்மையின்மேல் அன்னம்போல நடந்து, பதினெட்டுக் கல்லையும் கையால் தொட்டு, கடைசிக் கல்லினருகே சீலைமேல் நின்று, "இது ஒருத்தருக்கும் இல்லாத மண்" என்றார். பார்க்க வந்திருந்த துரை தலையசைத்தார். ஆத்திப்பிட்டிச் சனங்கள் தூரத்திலே நின்று பார்த்தார்கள்; சீலை விரித்ததைப் பார்த்து, உடையார் தங்கள் நிலத்துக்கு ஏதோ பெரிய மரியாதை செய்கிறார் என்று அவர்கள் மகிழ்ந்துபோனார்கள். மூன்று மாதத்துக்குள் ஆட்சேபனை சொல்லலாம் என்று இங்கிலீசிலே எழுதிய விளம்பரம் ஒரு மருதமரத்திலே ஆணியடித்துத் தூக்கப்பட்டது. உடையார் அன்றிரவு நெடுநாளைக்குப்பின் நன்றாக உறங்கினார்.

விடிந்ததும் அவர் கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். அவருடைய மனைவி தெய்வானைப்பிள்ளை அடுக்களை வாசலில் நின்று அவர் வந்த வழியைப் பார்த்தார், பிறகு அவர் காலைப் பார்த்தார், மறுபடியும் வழியைப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, ஈரக்காலோடை வாறியள். சுவடு எங்கை?"

உடையார் குனிந்து பார்த்தார். சாணம் மெழுகிய தரைக்கும் அவர் பாதத்துக்கும் இடையிலே ஒரு கடுகு உருளத்தக்க வெளி இருந்தது. காலை அழுத்தினார், அழுந்தவில்லை. குதித்துப் பார்த்தார், இறங்கி வந்த கால் அதே கடுகளவு உயரத்திலே, தண்ணீரில் விழுந்த தேங்காய் நெற்றைப்போல, மெத்தென்று நின்றுவிட்டது. கட்டிலிலே படுக்க முடிந்தது, நாற்காலியிலே இருக்க முடிந்தது, வண்டிலில் ஏற முடிந்தது. மண் மாத்திரம், மண்மேல் இட்ட கல்லும் சுண்ணாம்பும் மாத்திரம், அவர் காலை ஏற்கவில்லை.

தெய்வானைப்பிள்ளை ஒரு பனையோலைத் துண்டை எடுத்து வந்து அவர் பாதத்தின் கீழே இந்தப் பக்கம் செருகி அந்தப் பக்கம் உருவினார். "காத்துப் போகுது," என்றார். பிறகு, "சாப்பாடு ஆறுது, வாருங்கோ," என்றார்.

ஒரு கிழமையிலே அது ஒரு விரற்கடையாயிற்று, ஒரு மாதத்திலே ஒரு சாணாயிற்று. அதற்குள் பன்னிரண்டு ஊருக்கும் செய்தி போய்விட்டது. பிள்ளையார் கோயிலிலே புராணம் படித்துப் பயன் சொல்லுகிற சட்டம்பியார் கயிலாயர் ஆளனுப்பி வரவழைக்கப்பட்டார். அவர் உடையாரை மூன்றுமுறை வலம்வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கூடியிருந்த சபைக்கு எடுத்துச் சொன்னார்: "தேவர்களுக்கு மூண்டு அடையாளம். கண் இமையாது. கழுத்து மாலை வாடாது. கால் நிலத்திலே தோயாது." உடனே எல்லாரும் உடையாருடைய கண்ணை உற்றுப் பார்த்தார்கள், அவர் இமைத்தார். ஒரு செவ்வரத்தைப் பூமாலையைப் போட்டுப் பொழுதுபடும்வரை பார்த்தார்கள், அது வாடிற்று. "அப்ப மூண்டிலே ஒரு பங்கு," என்று தீர்த்தார் சட்டம்பியார். "ஒரு பங்கு தேவாமிசமாவது எங்கடை பற்றுக்குக் கிடைச்சுதே, அதுக்குச் சந்தோஷப்படுங்கோ."

அவ்வளவுதான், அதற்குமேல் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. பெண்கள் கற்பூரத்தட்டோடு வந்தார்கள். காய்ச்சற்காரருடைய நூலை உடையாரின் பாதத்துக்குக் கீழாக மூன்றுமுறை இழுத்துக் கையிலே கட்டினார்கள். சிலருக்குக் காய்ச்சல் விட்டது, சிலருக்கு விடவில்லை, விட்டவர்களைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள். உடையார் கமுகந்தோட்டத்திலே நின்று கணக்கப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்கையில், ஒரு கோழி தன் பதினொரு குஞ்சுகளையும் வரிசையாக அவர் பாதத்தின் கீழாக நடத்திச் சென்றது. அதைக் கண்டவர்கள் கோழியையும் கும்பிட்டார்கள். மற்றத் தலைமைக்காரக் குடும்பங்களுக்கு இது பொறுக்கவில்லை. அவர்கள் தச்சனைக் கொண்டு குதி உயர்ந்த பாதக்குறடு செய்வித்து, வேட்டியை நிலம்வரை தொங்கவிட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் தேர்முட்டியடியிலே இடறி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்ட பிறகே அந்த நாகரிகம் ஓய்ந்தது.

விதானையார் அருளம்பலம் பாதக்குறடு போடவில்லை. அவர் துரைக்கு முறைப்பாடாக ஒரு பெட்டிசம் எழுதினார். அரசாங்கக் கெசற்றிலே அறிவிக்கப்படாத ஓர் உயர்வை உடையார் தாமாகவே எடுத்துக்கொண்டார் என்றும், மகாராணியாரின் பிரதிநிதியாகிய துரையவர்களுக்கு முன்னிலையிலும் ஒரு சாண் மேலேயே நிற்கிறார் என்றும், இது இராச நிந்தனை ஆகாதோ என்றும் அதிலே கேட்டிருந்தார். துரை பெட்டிசத்தை வாசித்தார், சட்டப்புத்தகத்தைப் புரட்டினார், உடையாரை அழைத்துச் சாய்மான நாற்காலியில் இருக்கச் சொல்லித் தொங்குகிற காலைப் பார்த்தார்.

"தலைமைக்காரருடைய பாதங்கள் நிலத்திலே படவேண்டும் என்று எந்தப் பிரமாணமும் கூறவில்லை," என்றார். "ஆகவே இது குற்றமன்று. எனினும் எம் முன்னிலையில் அமர்ந்தே இரும்."

ஊரும் துரையும் இப்படி அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்; ஏற்க முடியாதவர் ஒருவரே, அவர் உடையார். ஏனென்றால் அது இன்னதென்று அவருக்குத் தெரியும். தமது தந்திரத்தை மண் மறுக்கவில்லை, சம்மதித்துவிட்டது. "தொடவேண்டாமோ, சரி, தொடவேண்டாம்" என்று சொல்லிவிட்டது. அவர் நடந்தால் காலடியோசை இல்லை. ஆகையால் சொந்த வீட்டு நாய் அவர் வருவதை அறியாமல் திடுக்கிட்டுக் குரைத்தது. சோளகக் காற்று எழுந்தபோது அவரை வேலியோரம் தள்ளிக்கொண்டு போய்க் கிளுவை முள்ளிலே மாட்டிற்று. அதன்பின் தெய்வானைப்பிள்ளை அவர் சட்டையின் இரண்டு பைகளிலும் அம்மிக்குழவித் துண்டுகளைப் போட்டுத் தைத்துவிட்டார். கோயிலிலே அர்த்தமண்டபத்தின் முன் அவர் விழுந்து கும்பிட்டார், விழவில்லை. எட்டு அங்கமும் நீட்டியபடி ஒரு முழ உயரத்திலே, கரையேறாத ஓடம்போல, மிதந்துகொண்டு கிடந்தார். எழுந்தபோது எல்லாருடைய நெற்றியிலும் கோயிற்றரைப் புழுதி ஒட்டியிருந்தது, அவருடைய நெற்றி மட்டும் கழுவிவைத்த பாத்திரம்போல் இருந்தது. அடியார்க்கும் அடியனாக ஆசைப்பட்டுப் பாடிப் பாடி வளர்ந்தவருக்கு, விழுவதற்கு ஓரிடம் இல்லாமற் போயிற்று.

அன்று மதியம் உணவு பரிமாறும்போது தெய்வானைப்பிள்ளை கேட்டார்: "ஒண்டு கேக்கட்டே? நாளைக்கு உங்கடை கட்டையை அடுக்கி வச்சால், அதிலை கிடப்பியளோ, அதுக்கு மேலை நிப்பியளோ?"

"இதென்ன கதை, தெய்வானை."

"நெருப்பு எட்டாட்டில் என்ன செய்யிறதெண்டு யோசிக்கிறன். பிள்ளையள் ஏணி வச்சே கொள்ளி வைக்கிறது?" அவர் சிரிக்கவில்லை. "சீலை விரிச்ச கதையை நன்னியன்ரை பெண்சாதி எனக்குச் சொல்லிப்போட்டாள். நீங்கள் சொல்லுவியளெண்டு ரண்டு மாதமாய்ப் பாத்துக்கொண்டிருந்தனான்."

உடையார் சோற்றைப் பிசைந்த கையை எடுத்துவிட்டார். "சொன்னால் உத்தியோகம் போயிடும். அருளம்பலம் இந்த வீட்டு வாசலாலை குதிரையிலை போவான்."

"போகட்டுமேன். குதிரை நிலத்திலை தானே போகுது."

அந்தக் கிழமையிலே ஆத்திப்பிட்டியிலிருந்து கதிராசி வந்தாள். புருஷனை யானைக்குப் பறிகொடுத்து, இரண்டு பெண்பிள்ளைகளையும் குரக்கன் விதைத்தே ஆளாக்கியவள். முப்பது குடிக்கும் பேசவேண்டிய பேச்செல்லாம் அவள்தான் பேசுவது. வெட்டுக்கத்தியை இடுப்பிலே செருகியபடி முற்றத்திலே நின்றாள். கற்பூரத்தட்டுக் கொண்டுவந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், அவள் கும்பிடவில்லை.

"உடையார், மருதமரத்திலை ஆணியடிச்சிருக்கிற கடதாசியை இங்கிலீசு கொஞ்சம் பழகின வண்டில்காரன் ஒருத்தன் வாசிச்சுச் சொன்னான். எங்கடை பிட்டி ஒருத்தருக்கும் இல்லாததெண்டு நீங்கள் சொன்னதாய் அதிலை கிடக்காம். வண்டில்காரனுக்கு எழுத்துத் தெரியாது போலை எண்டு நினைச்சு வந்தனான்."

"அது அரசாங்கக் காரியம், கதிராசி. உனக்கு விளங்காது."

"ஓம், விளங்காதுதான்." அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்துக்கும் தரைக்கும் இடையிலே இருந்த ஒரு முழ வெளியையே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "சனம் இதைத் தெய்வம் எண்டுதுகள். எனக்கெண்டால், பிழை செய்த பிள்ளையைத் தாய் மடியிலை இருந்து தள்ளிவிட்ட மாதிரிக் கிடக்கு." பிறகு, "இன்னும் பன்னிரண்டு நாள் இருக்காம். குரக்கன் முத்தி வருகுது, வெட்டுறதோ விடுறதோ எண்டு கேக்கத்தான் வந்தனான்," என்று சொல்லிவிட்டு, உடையார் சால்வையைச் சரிசெய்துகொண்டு நிற்க, திரும்பிப் போனாள். அவள் நடந்து போன வழியிலே பத்து விரலும் பதிந்த சுவடுகள் படலைவரை இருந்தன. வேலைக்காரி முற்றம் கூட்ட வந்தபோது, கூட்டவேண்டாம் என்று உடையார் சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு நாளும் கழிந்தன. தொண்ணூறாம் நாட்காலையிலே ஆத்திப்பிட்டியின் நடுவிலே மாவிலை தோரணம் கட்டிய பந்தர் ஒன்று நின்றது. அன்று மகாராணியாரின் பிறந்த தினமும் ஆகையால், நிலம் கையளிப்பதும் பட்டம் அளிப்பதும் ஒரே பந்தரிலே நடப்பதாகத் துரை ஏற்பாடு செய்திருந்தார். வெள்ளிப்பிடி வாள் பட்டுத்துணியின்மேல் கிடந்தது. தலைமைக்காரக் குடும்பங்கள் எல்லாம் தலைப்பாகையோடு வரிசையாக முக்காலிகளில் இருந்தன. முன்வரிசையிலே விதானையார் அருளம்பலம் இருந்தார். முப்பது குடிச் சனமும் முற்றிய குரக்கன் கதிருக்குள்ளே, தலைகள் மாத்திரம் தெரிய நின்றது. உடையார் வண்டிலிலிருந்து இறங்கி, அதாவது இறங்காமல், பந்தருக்குள்ளே வந்து நின்றார்.

துரை கடதாசியை எடுத்தார். "மூன்று மாதம் நிறைந்தது. ஆட்சேபனை உடையார் எவரேனும் உளரோ? முறைமைக்காகக் கேட்கிறோம்."

சனம் நின்ற குரக்கன் அசைந்தது. இங்கிலீசுக் கடதாசிக்கு எப்படி மறுமொழி சொல்லுவதென்று அவர்கள் அறியார்.

"உண்டு," என்றார் உடையார்.

"எவர்க்கு?"

"எனக்கு." சொல்லத் தொடங்கிய பின்பு சொல் தானாகவே வந்தது. "நான் எல்லை மிதிக்கேல்லை, துரையவர்களே. சீலையைத்தான் மிதிச்சனான். மண்ணிலை கால் படாட்டில் சொல்லுறது பொய்யாகாது எண்டு நினைச்சுச் செய்தனான். நான் சொன்னது பொய். இது இவையின்ரை நிலம். என்ரை பாட்டனார் மிதிச்சு இவையின்ரை எண்டே சொன்னவர், எனக்குத் தெரிஞ்சிருந்தது."

பந்தரிலே ஒரு முக்காலி கிறீச்சிட்டது. துரையின் முகம் முதலில் சிவந்து, பிறகு வெள்ளையடித்த கச்சேரிச் சுவர்போல் வெளுத்தது. "உமது சட்டையைக் கழற்றும்," என்றார்.

உடையார் பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையைக் கொடுத்தபோது பைகளில் இருந்த கல்லின் பாரத்தால் அது சேவகனுடைய கையை இழுத்துக்கொண்டு கீழே போயிற்று. பாரம் நீங்கிய உடையாரோ இன்னும் ஒரு சாண் மேலே எழுந்தார். வெறும் மேலோடு, பூணூல்போற் குறுக்கே போட்ட சால்வையோடு, எல்லாருடைய தலைக்கும் மேலாக அவர் நின்ற நிலை பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

"விதானையார் அருளம்பலம்," என்றார் துரை. "இப்பொழுதே நீர் உடையார் ஆகிறீர். செருப்பைக் கழற்றும். எல்லையை மிதியும்."

அருளம்பலம் எழுந்தார். மூன்று தலைமுறையாக அவர் குடும்பம் காத்திருந்த சொல் அது. செருப்பைக் கழற்றினார். வலக்காலைத் தூக்கினார். தூக்கிய காலோடு நிமிர்ந்து, அந்தரத்தில் நிற்கிற பழைய உடையாரைப் பார்த்தார்; தம்முடைய காலையும் பார்த்தார்; காலை மெல்ல, செருப்புக்குள்ளேயே திரும்ப வைத்தார்.

"துரையவர்களே, எனக்கு முழங்காலிலை வாதம். வைத்தியர் நடக்க வேண்டாமெண்டவர்."

"அடுத்தவர்?"

அடுத்தவருக்குக் குதிகாலிலே ஆணி. அதற்கடுத்தவருக்கு அன்று சந்திராட்டமம். ஒருவருக்குத் துடக்கு, ஆர் செத்தது என்று துரை கேட்டபோது, "இனித்தான் தெரியும்," என்றார் அவர். குரக்கனுக்குள்ளே யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். துரை கடதாசியை மடித்தார். "இதனைக் கொழும்புக்கு எழுதுவோம். அங்கே உள்ளோருக்கு எல்லை மிதிக்கவேண்டிய அவசியம் இல்லை," என்று சொல்லிக் குதிரையேறினார். அவர் சொன்னதும் பொய்யல்ல: இரண்டு மாரி கழிந்து கொழும்பிலிருந்து பதில் வந்தபோது, ஒருவரும் மிதிக்காமலே, அளவுச்சங்கிலி ஒன்றினால் ஆத்திப்பிட்டியின் கிழக்குப் பாதி வெட்டி எடுக்கப்பட்டது; மேற்குப் பாதி, அந்த அந்தரத்து வாக்குமூலம் கடதாசியிலே ஏறிவிட்டதன் பயனாக, சனத்திடமே நின்றது. பதினாலு குடி பெயர்ந்து போயிற்று. அது பின்னாலே நடந்தது. அன்றைக்கு வாளும் பட்டுத்துணியும் பெட்டிக்குள்ளே போயின, தலைப்பாகைகள் வண்டில் வண்டிலாகப் போயின, பந்தர் வெறுமையாயிற்று.

உடையார் இறங்கவில்லை.

உண்மையைச் சொன்னால் இறங்கலாம் என்று எண்ணியிருந்தார். உத்தியோகத்தைக் கொடுத்தார், ஏழு தலைமுறையைக் கொடுத்தார், இன்னும் மண் ஏற்கவில்லை. வெயில் ஏறிற்று. கண்கள் இருண்டன. நிழல் ஒரு பக்கம் கீழே கிடக்க, தாம் ஒரு பக்கம் மேலே நின்று, "சுவாமி, இன்னும் என்ன?" என்று வாய்விட்டுக் கேட்டார்.

குரக்கனை விலக்கிக்கொண்டு கதிராசி வந்து அவருக்கு நேரே நின்று, அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன, உடையார், அங்கேயே நிக்கிறியள்?"

"சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டனே, கதிராசி. எல்லாருக்கும் முன்னாலை சொன்னனே."

"சொன்னனீங்கள். துரைக்குச் சொன்னனீங்கள்." அவள் கையிலிருந்த கதிரை உருவி உள்ளங்கையிலே தேய்த்து ஊதினாள். "எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையே."

உடையாருக்கு முதலில் அது விளங்கவில்லை. தெய்வத்திடம் அவர் பிழைபொறுக்கக் கேட்டிருக்கிறார், நாள்தோறும் ஓதியே கேட்டிருக்கிறார். துரையிடம் கேட்டிருக்கிறார், தகப்பனாரிடம் கேட்டிருக்கிறார். கேட்பதெல்லாம் மேலே பார்த்துத்தான். கீழே பார்த்துக் கேட்பதற்கு ஏழு தலைமுறையிலே ஒருவரும் அவருக்குச் சொல் வைத்துவிட்டுப் போகவில்லை. குரக்கனுக்குள் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எத்தனையோ வருடமாகத் தலையெண்ணி அறிந்த சனம், முகத்தை அன்றைக்குத்தான் கண்டார்.

"உங்கடை நிலத்தை எடுத்துக் குடுத்துப்போட்டன்," என்றார். "அறிஞ்சுதான் குடுத்தனான். நாற்காலிக்காகக் குடுத்தனான். பிள்ளையள், நீங்கள் பொறுக்கோணும். பொறுக்க ஏலாதெண்டால் அதுவும் நியாயம். நான் கேக்காமல் இருக்கக் கூடாது, அதுதான் கேக்கிறன்."

கூட்டத்திலே ஒரு கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருத்தி துப்பினாள். கதிராசி ஏறுகிற வெயிலைப் பார்த்தாள்.

"பொறுக்கிறதோ இல்லையோ பேந்து பாப்பம்," என்றாள். "இப்ப வெயில் ஏறுது, குரக்கன் வெட்டக் கை காணாது. வந்து நில்லுங்கோ."

மூன்று மாதம் மண்ணிலே படாத அந்தப் பாதங்கள் உலர்ந்த இலை விழுவதுபோல மெல்ல மெல்ல இறங்கி வந்தன. பெருவிரல் பட்டது, பிறகு முன்னங்கால், பிறகு குதி. பட்ட அக்கணத்திலே உடையார் "ஐயோ" என்று கத்தி ஒரு காலைத் தூக்கினார். வெய்யிற் சூடும், நெருஞ்சியும், குரக்கன் தாளும் நிறைந்த மண் அது. அவர் உள்ளங்காலிலே ஒரு முள் ஆழமாக ஏறியிருந்தது, அதிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் புழுதியிலே விழுந்து உருண்டது. அவர் அழுதார், நோவினாலா, மகிழ்ச்சியாலா என்று பார்த்து நின்றவர்களுக்குப் பிரித்தறிய முடியவில்லை.

கதிராசி குந்தியிருந்து, அவர் காலைப் பிடித்து, இடுப்புக்கத்தியின் நுனியை வைத்தாள்.

"ஆடாமல் நில்லுங்கோ," என்றாள். "ஆழமாய்த்தான் ஏறியிருக்கு."

இதைக் கேட்டவர்களுடைய குளம் நிரம்புக, கன்று தாயை மறவாதிருக்க, வீட்டு வாசலில் வந்து நிற்பவர் சொல்லைக் கேட்கும் பொறுமை அவர்கள் காதுக்குக் கிடைக்க. படித்தவர்க்கும் படிக்கக் கேட்டவர்க்கும், கேட்டுக்கொண்டே உறங்கிப்போனவர்க்கும், சிவபெருமான் திருவருள் ஒருபோதும் குறையாதிருக்க.